கையொப்பமும் கவனமும்

நகரத்துப் பள்ளிகளின் வழக்கமாக இருந்த ஒன்று இன்று நம் ஊர்ப்புறங்களையும் எட்டியிருக்கிறது. உத்திரமேரூர், வந்தவாசி, மதுராந்தகம் வட்டாரங்களில் வாழும் நம் குடும்பங்களில், எட்டாம் வகுப்போ ஒன்பதாம் வகுப்போ படிக்கும் பிள்ளை ஒரு நாள் மாலை பையைத் திறந்து ஒரு தாளை நீட்டுகிறான். 'சாகச முகாம்' என்பது அதன் தலைப்பு. மூன்று நாள், மலையடிவாரத்தில் கூடாரம், கயிற்றுப் பாலம், பாறையேற்றம், படகு, இரவு நடை, கடைசி நாள் பாசறைத் தீ, கட்டணம் இவ்வளவு. தாளின் அடியில் சிறிய எழுத்தில் ஒரு வாக்கியம் இருக்கும். முகாமில் நேரும் எவ்வகை இடருக்கும் நிர்வாகம் பொறுப்பேற்காது என்பதை அறிந்தே என் பிள்ளையை அனுப்புகிறேன் என்பது அதன் சாரம். அதன் கீழே கையொப்பத்திற்கு ஒரு கோடு.

சில தந்தையர் அவ்வாக்கியத்தைப் படிக்காமலே கையொப்பமிட்டுவிடுகின்றனர். வேறு சிலர் தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்து, "அதெல்லாம் வேண்டாம், பேசாமல் வீட்டில் இரு" என்கின்றனர். இரண்டும் அரை நிமிடத்தில் முடிந்துவிடுகின்றன. இவ்விரண்டில் எது அறம் என்று கேட்பார் பலர். இரண்டும் ஒரே பிழையின் இரு வடிவங்களோ என்பது எமது ஐயம். அதனையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

முகாம்களின் பக்கத்து நியாயத்தை முதலில் கேட்டல் வேண்டும். 1907-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் பேடன் பவல் இருபதுக்குச் சற்று ஏறக்குறைய சிறுவர்களைக் கூட்டி ஒரு கூடாரப் பாசறை நடத்தினார். செல்வர் வீட்டுப் பிள்ளைகளும் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளும் அதில் ஒன்றாகவே உண்டு உறங்கினர். சாரணர் இயக்கத்தின் வித்து அது. 1941-இல் வேல்ஸ் நாட்டு அபெர்டோவியில் குர்ட் ஹான் என்ற கல்வியாளர் தொடங்கிய பள்ளிக்கு வேறொரு காரணம் இருந்தது. போரில் தாக்குண்ட கப்பல்களிலிருந்து உயிர்காப்புப் படகுகளில் இறங்கியவர்களுள், உடல் வலிவு மிக்க இளைஞர் மாண்டுபோக, நடுவயது மாலுமிகள் பிழைத்து வந்தனர் என்பதைக் கப்பல் நிறுவனத்தார் ஒருவர் கண்டார். இளைஞர்க்கு இல்லாதது தசை வலிவன்று. தாங்கும் உள்ளமே என்று கருதி, அதனைப் பயிற்றுதற்கு ஏற்பட்டது அப்பள்ளி. இன்று உலகெங்கும் நடைபெறும் சாகச முகாம்கள் பலவும் இவ்விரண்டின் வழி வந்தவையே. நான்கு சுவர்க்குள் கணக்கும் இலக்கணமும் கற்கும் பிள்ளை, மழையில் கூடாரம் சாயும்போது தன் துணைவனின் போர்வையை முதலில் நனையாமல் எடுத்து வைக்கக் கற்பது சிறிய கல்வியன்று. இதனை மறுப்பார் இலர்.

இனி, மறுபக்கம். 1995-ஆம் ஆண்டு மே மாதம் 28-ஆம் நாள். பஞ்சாப் மாநிலம் பட்டான்கோட்டை அடுத்த பதானியில் உள்ள டல்ஹௌசி பப்ளிக் பள்ளியின் மாணவர், ஆசிரியருடன் இமாசலப் பிரதேசத்தின் பியாஸ் ஆற்றங்கரைக்கு உல்லாசப் பயணம் சென்றனர். நான்கு, ஐந்து, ஆறாம் வகுப்புப் பிள்ளைகள். ஆற்றில் மூழ்கி அன்று 14 பிள்ளைகள் மாண்டனர். உடன் சென்ற ஆசிரியர்மீது கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றம் சாட்டப்பெற்று, அது மெய்ப்பிக்கவும் பட்டது. இழப்பீட்டு வழக்கு உயர் நீதிமன்றம் கடந்து உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டில் வந்த தீர்ப்பு, ஒவ்வொரு பிள்ளைக்கும் 5 லட்சம் ரூபாய் என்று உயர் நீதிமன்றம் விதித்ததை நிலைநிறுத்தியது. ஆசிரியரின் கவனக்குறைவுக்குப் பள்ளியும் பொறுப்பு என்றது.

அத்தீர்ப்பில் நாம் உற்று நோக்க வேண்டியது இழப்பீட்டுத் தொகையை அன்று. நீதிமன்றம் கையிலெடுத்த அளவுகோலை. தன் பொறுப்பில் உள்ள பிள்ளையிடத்தில் ஆசிரியர் காட்ட வேண்டிய கவனம், கவனமுள்ள ஒரு பெற்றோர் காட்டும் கவனத்திற்குக் குறைதல் கூடாது என்பது அந்த அளவுகோல். இங்கிலாந்தில் 1893-ஆம் ஆண்டு வழக்கொன்றில் தோன்றி, நம் நாட்டு நீதிமன்றங்களும் ஏற்றுக்கொண்ட கோட்பாடு இது. எளிய சொற்களே, ஆனால் அவற்றுள் ஓர் இடுக்கு உண்டு. ஒரு தந்தை ஆற்றில் இறக்குவது ஒரு பிள்ளையை, மிஞ்சினால் இரண்டு பிள்ளைகளை. ஆசிரியர் அழைத்துச் செல்வதோ நாற்பது பேரை. ஒரு பிள்ளைமீது இரு கண்களை வைத்திருக்கும் தந்தைக்கு இணையாக, நாற்பது பிள்ளைகள்மீது எத்தனை கண்கள் இருத்தல் வேண்டும்? முகாம் நடத்துவோர் அளிக்கும் வண்ணத் தாள்களில் கூடாரத்தின் படம் உண்டு, சிரிக்கும் பிள்ளைகளின் படம் உண்டு. இந்தக் கணக்கு மட்டும் பெரும்பாலும் இருப்பதில்லை.

இனிக் கையொப்பத்தைப் பார்ப்போம். தந்தை எழுதிக் கொடுத்துவிட்டார். ஆகவே பொறுப்பு தீர்ந்தது என்று நிர்வாகத்தார் கருதுகின்றனர். தந்தையும் அவ்வாறே கருதி அஞ்சுகிறார். ஒருவன் தன் நிலத்தை எழுதிக் கொடுக்கலாம்; தன் மாட்டை எழுதிக் கொடுக்கலாம். பிள்ளையின் உயிர் தந்தையின் உடைமையா? அவ்வுயிர் தன் வினையோடு தான் வந்தது. நம் வீட்டில் தங்கி வளர்கிறது. அதனைக் காக்கும் கடமை நமக்கு உண்டு. கொடுத்துவிடும் உரிமை இல்லை. ஆதலின், கவனக்குறைவாக நடத்தினும் குற்றமில்லை என்று ஒருவர் எழுதிக் கொடுக்கவும் இயலாது. அதனை மற்றொருவர் பெற்றுக்கொள்ளவும் இயலாது. பிள்ளை எங்கே செல்கிறான் என்று அறிந்தேன் என்பதற்கு மட்டுமே அக்கையொப்பம் சான்றாகும். ஆசிரியரின் கடமையில் ஓர் அணுவையும் அது குறைப்பதில்லை. தந்தையின் கடமையையும் குறைப்பதில்லை. அதே பியாஸ் ஆற்றில் 2014 ஜூன் 8 அன்று, ஐதராபாத்திலிருந்து சென்ற பொறியியல் கல்லூரி மாணவர் 24 பேர், லார்ஜி அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டனர். அவ்வழக்கில் உயர் நீதிமன்றம் இழப்பீட்டுச் சுமையை மின்வாரியம், கல்லூரி, மாநில அரசு ஆகிய மூன்றுக்கும் பங்கிட்டது. பணத்தை இவ்வாறு பங்கிடலாம், பங்கிடத்தான் வேண்டும். ஆனால் ஆற்றங்கரையில் நிற்கும்போது, இதில் என் பங்கு இத்தனை விழுக்காடுதான் என்று ஒருவர் தம் கவனத்தைப் பங்கிட்டுக்கொள்ள முடியுமா?

இவ்விடத்தில் மற்றொரு நிகழ்ச்சியைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். 1993-ஆம் ஆண்டு மார்ச் 22. இங்கிலாந்தின் தென்கரையில் லைம் விரிகுடா. பிளிமத் நகரத்துப் பள்ளி ஒன்றின் மாணவர் எண்மரும் அவர்தம் ஆசிரியர் ஒருவரும், சாகச மையம் ஒன்றைச் சேர்ந்த பயிற்றுநர் இருவருடன் சிறு துடுப்புப் படகுகளில் கடலில் இறங்கினர். செல்ல வேண்டிய தொலைவு ஏறத்தாழ இரண்டு மைல். காற்று அவர்களைக் கரையிலிருந்து விலக்கிக் கடலுக்குள் தள்ளியது. படகுகளில் நீர் புகுந்தது. பயிற்றுநர்களின் தகுதி மிகத் தொடக்க நிலையது. உதவி கேட்க ஒளிச்சுடர் இல்லை. வானொலிக் கருவி இல்லை. புறப்பாட்டைக் கடலோரக் காவலருக்கு எவரும் முன்னறிவிக்கவில்லை. பல மணி நேரம் குளிர்நீரில் கிடந்த பின்னரே மீட்புப் படை வந்தது. மாணவர் நால்வர் மாண்டனர்.

விசாரணையில் ஒரு கடிதம் வெளிவந்தது. அம்மையத்தில் முந்தைய ஆண்டு பணியாற்றிய பயிற்றுநர் இருவர், இங்குள்ள பாதுகாப்பு ஏற்பாடுகள் போதா, இவ்வாறே சென்றால் உயிர்ச்சேதம் நேரும் என்ற கருத்துப்பட நிர்வாகிக்கு எழுதிவிட்டுப் பணியை விட்டு விலகியிருந்தனர். கடிதம் நிர்வாகியின் கைக்கு வந்தது, ஏற்பாடுகள் மாறவில்லை. 1994 டிசம்பரில் நிர்வாக இயக்குநர் சிறைத் தண்டனை பெற்றார். நிறுவனமே மரணம் விளைவித்த குற்றத்திற்கு ஆளானது. இங்கிலாந்தின் சட்ட வரலாற்றில் அவ்வாறு நேர்ந்தது அதுவே முதல் முறை. 1995-இல் இளையோர்க்கான சாகச மையங்களுக்கு உரிமம் கட்டாயம் என்று தனிச் சட்டமும் இயற்றப்பட்டது.

அக்கடிதம் வந்த நாளுக்கும் மார்ச் 22-க்கும் இடைப்பட்ட காலத்தை எண்ணிப் பாருங்கள். அம்மையத்தில் எத்தனையோ பிள்ளைகள் கடலில் இறங்கி, ஆடி, நனைந்து, மகிழ்ந்து, நலமாகக் கரையேறியிருப்பர். பெற்றோர் நன்றியும் கூறியிருப்பர். அந்நாள்களில் அந்நிர்வாகி குற்றமற்றவரா? மார்ச் 22 அன்றுதான் குற்றவாளி ஆனாரா? உலகச் சட்டம் பெரும்பாலும் விளைவை வைத்தே தண்டிக்கிறது. உலகத்தாரும் அவ்வாறே பேசுகின்றனர். "இத்தனை வருஷமாகக் கூட்டிக்கொண்டு போகிறோம், ஒன்றும் நடந்ததில்லையே" என்று முகாம் நடத்துவோர் கூறுவதும், அதைக் கேட்டு நாம் தலையசைப்பதும் விளைவை மட்டும் பார்க்கும் பழக்கத்தினால் அன்றோ?

நம் ஆகமம் இவ்விடத்தில் உலக வழக்கினின்றும் மாறுபடுகிறது. உமாஸ்வாமிகள் தம் தத்வார்த்த சூத்திரத்தில் ஹிம்சைக்கு இலக்கணம் வகுக்கும்போது உயிரைப் போக்குவதை மட்டும் கூறவில்லை. பிரமாதத்தோடு கூடிய செயலால் உயிரைப் போக்குதல் என்று அடைமொழியிட்டுக் கூறுகிறார். பிரமாதமாவது கவனமின்மை, மெத்தனம், உள்ளம் சோர்ந்த நிலை. (அதே சொல்லைக் கடைத்தெருவில் 'மிக நன்று' என்ற பொருளில் வழங்குகிறோம். முகாம்த் தாளிலும் 'பிரமாதமான அனுபவம்' என்று அச்சிட்டிருக்கக் கண்டால், நம் வீட்டுப் பெரியவர்க்குச் சிரிப்பு வருவதில் வியப்பில்லை.) அமிர்தசந்திர ஆசாரியர் புருஷார்த்த சித்தியுபாயத்தில் இதனை இன்னும் ஒரு படி எடுத்துச் சென்றார். மெத்தனமாக நடப்பவன்பால், அவன் காலடியில் உயிர் மாண்டாலும் மாளாவிட்டாலும், ஹிம்சை உண்டு. விழிப்போடு நடப்பவன் காலடியில் அவனையும் மீறி ஓர் உயிர் நீங்கினாலும் அவன்பால் அதன் குற்றம் இல்லை. நாம் எறும்புக்கும் புழுவுக்கும் பொருத்திப் பழகிய நெறி இது. பிள்ளைகளுக்கும் பொருந்தும் என்பதை ஏனோ மறந்துவிடுகிறோம்.

இந்நெறியின்படி, மிதவை உடையின்றி நாற்பது பிள்ளைகளைப் படகில் ஏற்றி, நாற்பது பேரையும் நலமாக இறக்கிவிட்ட ஆசிரியர் ஹிம்சை செய்தவரே. நல்வினைப் பயனாலோ காற்று அடங்கியதாலோ பிள்ளைகள் பிழைத்தனர். அதனால் அவர் குற்றம் தேய்ந்துவிடவில்லை. இதன் மறுபாதியும் அத்துணையே உண்மை. ஆழம் பார்த்து, வானிலை கேட்டு, கயிற்றை இழுத்துச் சோதித்து, தலை எண்ணி, அருகே நின்று காத்த ஆசிரியரின் முகாமில் ஒரு பிள்ளை கால் பிசகி எலும்பு முறிந்தால், அவ்வாசிரியரைப் பள்ளி வாயிலில் நிறுத்தி ஏசுவது அறமாகாது. நாம் இவ்விரண்டையும் தலைகீழாகச் செய்து வருகிறோம். ஒன்றும் நேராவிட்டால் மெத்தனத்தைப் பாராட்டுகிறோம். ஏதேனும் நேர்ந்துவிட்டால் கவனத்தையும் தண்டிக்கிறோம். விளைவு, கவனமுள்ள ஆசிரியர் 'நமக்கேன் வம்பு' என்று ஒதுங்கிக்கொள்ள, துணிந்து முன்வருபவர் மெத்தனக்காரராகவே அமைந்துவிடுகிறார்.

குறளிலும் பொச்சாவாமை என்று ஓர் அதிகாரம் உண்டு. பொச்சாப்பு என்பது மறதி, சோர்வு. அது வருத்தத்தில் வருவதாக அன்றி, மிகுந்த மகிழ்ச்சியில் வருவதாக அவ்வதிகாரம் தொடங்குகிறது. அளவிறந்த சினத்தினும் அதனைக் கொடிதாகக் கொள்கிறது. உல்லாசப் பயணத்து விபத்துகள் பலவற்றின் காரணம் இதில் அடங்கும். பரீட்சைக் கூடத்தில் கண்ணிமைக்காமல் நிற்கும் ஆசிரியரே ஆற்றங்கரையில் சட்டையைக் கழற்றிவிட்டுத் தாமும் பிள்ளையாகிவிடுகிறார். அம்மகிழ்ச்சியைக் குறை கூறுவார் யார்? ஆனால் அவ்விடத்தில் மகிழாமல் கரையில் நிற்க ஒருவரேனும் வேண்டும்.

இவ்வளவும் கூறக் கேட்ட சிலர், 'ஆகையால்தான் அனுப்புவதில்லை' என்று தாளை மடிக்கக்கூடும். அவர்களோடும் நமக்கு வழக்கு உண்டு.

நம் ஊர் நிலம் எத்தகையது? உத்திரமேரூரின் பெரிய ஏரி பல்லவர் காலத்தது; கல்வெட்டுகள் அதனை வைரமேக தடாகம் என்கின்றன. வடக்கே செய்யாறு, அதற்கும் அப்பால் பாலாறு. ஊர்தோறும் ஏரி, குளம், வயல்தோறும் கிணறு. மணல் எடுத்த குழிகள் ஆற்றுப் படுகையில் எங்கே இருக்கின்றன என்பது வெள்ளம் வடிந்த பிறகும் தெரிவதில்லை. இந்நிலத்தில் பிறந்த பிள்ளைக்கு நீந்தத் தெரியாது என்றால் அவனை நாம் காத்துவிட்டோமா? நம் நாட்டில் நீரில் மூழ்கி மாள்வோர் அண்மை ஆண்டுகளில் ஆண்டுக்கு 35,000-க்கும் மேற்பட்டோர் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு கூறுகிறது. உலகளவில் 2021-இல் மூன்று லட்சம் பேர் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. இவர்களுள் முகாமுக்குச் சென்று மாண்டவர் மிகச் சிலரே. வீட்டருகே உள்ள குளத்திலும் கிணற்றிலும் கால்வாயிலும், எவரும் உடன் இல்லாத வேளையில் மாண்டவரே மிகப் பலர். ஒரு தலைமுறைக்கு முன் பம்பு செட்டுக் கிணற்றில் சுரைக்குடுக்கையை இடுப்பில் கட்டி இறக்கி மாமனோ சிற்றப்பனோ நீச்சல் கற்பித்தார். இன்று கிணறுகள் பல தூர்ந்தன. சிற்றப்பன் சென்னையில் இருக்கிறார். பிள்ளை மட்டும் ஏரிக்கரை வழியே சைக்கிளில் பள்ளி செல்கிறான். அவனை எதற்கும் அனுப்பாமல், எதையும் கற்பிக்காமல் இருப்பது பாதுகாப்பாகத் தோன்றும் மெத்தனம். பிரமாதத்திற்குச் செயல்தான் வேண்டும் என்பதில்லை. செய்ய வேண்டியதைச் செய்யாமையும் அதில் அடங்கும்.

எனவே அனுப்பலாமா கூடாதா என்பதைக் காட்டிலும், யாரிடம் ஒப்படைக்கிறோம் என்பதே முன்னர்க் கேட்கத்தக்க வினா. இதற்கு வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. உத்திரமேரூர்க் கோயில் சுவரே போதும். முதற் பராந்தக சோழனின் 12, 14-ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது 919, 921-ஆம் ஆண்டுகளில் பொறித்த கல்வெட்டுகளைக் குடவோலை முறைக்காக மட்டுமே நாம் புகழ்ந்து வருகிறோம். அதனினும் வியத்தகு பகுதி அதன் விலக்கு விதிகள். ஏரி வாரியத்திற்கு ஆறு பேர். 35 வயதுக்குக் கீழோ 70-க்கு மேலோ இருத்தல் கூடாது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் நிற்க இயலாது. அவர் மட்டுமன்று, அவர்தம் நெருங்கிய உறவினரும் நிற்க இயலாது. அது பிராமணச் சபை. நிலமும் வேதப் பயிற்சியும் உடையோர்க்கே அங்கு இடம். அதன் குறைகளை நாம் அறிவோம். ஆயினும் ஒன்று நினைக்கத்தக்கது. ஏரியை ஒருவர் கையில் ஒப்படைக்கும் முன், அவர் இதுவரை ஒப்படைத்தவற்றுக்குக் கணக்குக் காட்டினாரா என்று கேட்டனர். ஏரியிலும் பிள்ளை தாழ்ந்ததா? குடத்திலிருந்து ஓலையை எடுக்க அவர்கள் நிறுத்தியவன் ஒன்றும் அறியாத ஒரு சிறுவன் என்பதும் அக்கல்வெட்டில் உண்டு.

மற்றொரு கல்வெட்டும் அருகிலேயே இருக்கிறது. உத்திரமேரூருக்கு வடகிழக்கே பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், வீரராஜேந்திர சோழன் காலத்தில், 11-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கோயிலைச் சார்ந்து ஒரு கல்விச்சாலையும் மாணவர் விடுதியும் இருந்தன. அவற்றோடு 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலையும் இருந்தது. மருத்துவர் ஒருவர், அறுவை செய்வார் ஒருவர், மூலிகை கொணர்வார் இருவர், மருந்தூட்டும் பெண்டிர் இருவர் என்று ஒவ்வொருவர்க்கும் ஊதியம் வகுத்து, ஓராண்டுக்கு வேண்டிய மருந்துகளின் பெயர்களையும் கல்லில் பொறித்துள்ளனர். ஊரார் பிள்ளைகளைத் தம் கூரையின் கீழ்த் தங்கவைப்போர்க்கு மருந்தும் மருத்துவரும் முன்கூட்டியே ஆயத்தமாக இருத்தல் வேண்டும் என்பது அன்றே வெளிப்படையாக இருந்தது. இன்று மூன்று நாள் முகாமுக்கு நாற்பது பிள்ளைகளை அழைத்துச் செல்வோரிடம், பாம்பு தீண்டினால் மருந்துள்ள ஆசுபத்திரி எத்தனை கல் தொலைவில், அங்கே செல்ல வண்டி இரவில் நிற்குமா என்று கேட்கும் தந்தையை, 'இவர் பயந்தாங்கொள்ளி' என்று பார்க்கின்றனர். கேட்கத்தான் வேண்டும். நீரில் இறங்கும்போது கரையில் நிற்பவர் யார்? ஒரு நாளில் எத்தனை முறை தலை எண்ணுவீர்கள்? எண்ணுபவர் பெயர் என்ன? காடு எனின் வனத்துறையின் அனுமதி எந்தப் பாதைக்கு? 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பரவிய தீயில் சிக்கி மலையேறிகள் 23 பேர் மாண்ட பிறகே, இக்கேள்விகளைக் கேட்க நம் மாநிலமும் கற்றது. மலையேற்றத்திற்கு விதிகள் பிறந்தன. 2024-இல் வனத்துறையே வழிகாட்டிகளுடன் 40 பாதைகளைத் திறந்தது. ஆகவே அனுமதியும் வழிகாட்டியும் இல்லாத முகாமுக்கு இன்று சாக்குச் சொல்ல இடமில்லை.

முகாம் தருவதாகக் கூறும் துணிவைப் பற்றியும் சில சொற்கள். கயிற்றில் தொங்கி ஓடையைக் கடத்தலைத் துணிவு என்கிறோம். இடுப்பில் கச்சை, மேலே இரும்புக் கம்பி, கீழே வலை, பக்கத்தில் பயிற்றுநர். பிள்ளை அஞ்சுகிறான், கடக்கிறான், மகிழ்கிறான். நன்று. ஆனால் அவனுடைய அச்சம் தானே தோன்றியதன்று. பிறர் அமைத்துக் கொடுத்தது. அமைத்துக் கொடுத்த அச்சத்தை வெல்வது ஒரு பயிற்சி. அதற்கு மேல் மதிப்பிடுதல் மிகை. அறத்தின் வழிவரும் துணிவு அதே முகாமில் வேறொரு நேரத்தில் தேவைப்படும். வண்ணத் தாளில் அதன் படம் இராது.

நம் வீட்டுப் பிள்ளைக்கு அது பெரும்பாலும் மாலை ஐந்தரை மணிக்கு வரும். முகாமில் இரவுணவு எட்டு மணிக்கு, பாசறைத் தீயைச் சுற்றி. நம்மவன் பொழுது சாய்வதற்குள் உண்ண வேண்டும். கிழங்கு விலக்குபவன் எனின் அதையும் கூற வேண்டும். நாற்பது பேர் நடுவே தனியே எழுந்து சென்று, சமையற்காரரிடம், "அண்ணா, எனக்கு இருட்டுவதற்கு முன்னே ரெண்டு சப்பாத்தி கிடைக்குமா?" என்று கேட்பதற்குப் பாறையேற்றத்தைவிட அதிகத் துணிவு வேண்டும். கேலி வரும். சிலர் ஏனென்று கேட்பர். அவனுக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால், "எங்கள் வீட்டில் அப்படித்தான்" என்றாவது நாணாமல் கூற வேண்டும். உண்ணாமலே இருந்துவிடுகிறேன் என்று படுத்துக்கொள்வதும், எல்லாரோடும் உண்டுவிட்டு வீட்டில் மறைப்பதும் எளிய வழிகள். எந்த வழியைத் தேர்ந்தான் என்று திரும்பி வந்ததும் குறுக்கு விசாரணை செய்ய வேண்டா. அது அவனுடைய சோதனை, நம்முடையதன்று.

பாசறைத் தீக்கும் இப்படி ஒரு முகம் உண்டு. காட்டில் கிடந்த விறகுக் கட்டையைத் தூக்கி அப்படியே நெருப்பில் இடுவது ஒரு வகை. தட்டிப் பார்த்து, எறும்பும் கரையானும் உள்ள கட்டையை ஒதுக்கிவைத்து, காற்றின் திசை பார்த்து, சுற்றிலும் சருகைக் கூட்டி, நீர்க்குடத்தை அருகில் வைத்த பின் மூட்டுவது மற்றொரு வகை. முதலிரண்டை நம் சமயப் பழக்கம் என்றும், பின்னவற்றைத் தீ பாதுகாப்பு என்றும் உலகம் பிரித்துச் சொல்லும். செய்கிறவனுக்கு அவை ஒரே செயல். கண்ணும் கையும் ஒன்றே. அந்தக் கட்டையைத் தட்டிப் பார்க்கும் பிள்ளை, துணைவன் குதிப்பதற்கு முன் குளத்தின் ஆழத்தைக் கோலால் அளந்து பார்ப்பான் என்று நாம் நம்பலாம்.

முகாமுக்கென்று தொலைவு செல்ல வேண்டும் என்பதும் ஒரு மயக்கம். பொன்னூர் மலைக்கு, குந்தகுந்தரின் திருவடிகளைக் கண்டு வர, வெயிலேறுமுன் நடந்தே ஏறி இறங்குவது நம் பிள்ளைகளுக்கு ஒரு நாள் முகாம். வேடந்தாங்கலில் பறவைகளுக்காக ஊராரே ஓசையடக்கி வாழ்ந்து வருகின்றனர். பறவைகளைச் சுட்ட வெள்ளைச் சிப்பாய்களைத் தடுக்கக் கலெக்டரிடம் சென்று 1798-இல் காப்புறுதி எழுதி வாங்கிய ஊர் அது. அங்கே இரண்டு மணி நேரம் பேசாமல் அமர்ந்திருப்பது எட்டாம் வகுப்புக்குக் கயிற்றுப் பாலத்தினும் கடினமான பயிற்சி. நம் பாடசாலைகளின் கோடை விடுமுறை வகுப்புகளிலும் பிள்ளைகள் கிணற்றில் குளிக்கின்றனர், வேனில் நெருங்கி ஏறுகின்றனர். மேலே பள்ளியாரிடம் கேட்கச் சொன்ன கேள்விகள் அங்கும் கேட்கப்பட வேண்டியவையே. நம்மவர் நடத்துவது, தெரிந்தவர் அழைத்துப் போகிறார் என்பது, 'ஒன்றும் நடந்ததில்லையே' என்பதன் உறவுமுறைப் பெயர்.

தாளுக்கு வருவோம். பள்ளியாரின் வாக்கியத்தை அடித்து எழுதச் சொல்லவில்லை. எழுதினால் வீண் மனத்தாங்கலே மிஞ்சும். அதன் பக்கத்தில், கேட்டறிந்த விடைகளை இரண்டு வரியாகக் குறித்துக் கையொப்பமிடலாம்: கரையில் நிற்பவர் இன்னார், மருத்துவமனை இன்ன ஊர், பிள்ளைக்கு நீந்தத் தெரியும், அல்லது தெரியாது. விடை கிடைக்கவில்லை எனின், கிடைக்கும்வரை கோடு வெறுமையாகவே இருக்கட்டும். மாலையுணவு பற்றிய வரியை மட்டும் நாம் எழுத வேண்டா. பேனாவைப் பிள்ளையிடம் கொடுத்து, அவன் கையாலேயே எழுதச் சொல்லலாம்.